ஒரே ஒரு கைப்பிடி

பாலத்தில் தண்ணீர் வடிந்ததும் முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள் டைலரக்கா. பஸ் நிற்கும் இடத்திலிருந்து டயாலிசிஸ் கட்டடம் கூப்பிடு தூரம்தான். அந்தக் கூப்பிடு தூரத்துக்குள் நான்கு முறை நின்று மூச்சு வாங்கினாள். வீங்கிப்போன கால்கள் எந்தச் செருப்புக்குள்ளும் நுழைய மறுத்ததால், ரப்பர் செருப்பின் வாரை வெட்டித் தளர்த்திப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இன்னும் கொட்டித் தீர்க்கவில்லை என்பதுபோல் வானம் கறுத்துக் கிடந்தது. பகல் பதினோரு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

சிறுநீரகம் இரண்டும் அவளைக் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரம், உடம்பின் ரத்தத்தை வெளியே எடுத்து மிஷினுக்குள் சுற்றவிட்டுச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். எப்போது குணமாகும் என்று கேட்கிறவர்களிடம், மிஷின் ரிட்டயர் ஆகும்போது என்பாள். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி. போன செவ்வாய் ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் முழுகியதில் ஒரு முறை தவறிவிட்டது. ஒரு வாரத்துத் தண்ணீர் முழுவதும் உடம்பிலேயே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று நாளாக அவள் தையல் மிஷின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள்.

கட்டடம் முன்பு தானியக் கிடங்காக இருந்தது. வெள்ளையடித்து, இரண்டு கட்டிலும் இரண்டு மிஷினும் போட்டு, பெரிய மனிதர்கள் வந்து திறந்துவைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது என்று மட்டும் அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் போனில் வருவார். நர்ஸம்மா வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வருவது அபூர்வம். ஆக எல்லாவற்றுக்கும் டெக்னீஷியன் ஒருவன்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், அதற்குள் முன்தலை நரைத்துவிட்டது.

அவன் வாசலிலேயே அவளைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

கதவுப் பக்கத்துக் கட்டிலில் புதுப்பெண் படுத்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, மிஷினுக்கு வந்து இரண்டே வாரம். ஊசி ஏற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் புருஷன் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மனைவியின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலோரக் கட்டிலின் மேல் மூன்று மாதமாகத் தொங்கும் அட்டை அப்படியே தொங்கியது. ‘பழுது’ என்று எழுதியிருந்தது.

நான் காத்திருக்கிறேன் என்றாள் டைலரக்கா. டெக்னீஷியன் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டான். இடம் மாற்றி மாற்றி மூன்று தரம் கேட்டான்.

“நுரையீரல்ல பாதிக்கு மேல தண்ணிக்கா. இன்னும் மூணு மணி நேரம் தாங்காது.”

“அப்போ?”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு போய் அட்டையைக் கழற்றினான்.

“மிஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. நான்தான் மாட்டிவெச்சேன்.”

அவளுக்கும் அது தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தக் கட்டிலில் என்ன நடந்தது என்பது அவனை விட அவளுக்கு ஒரு பங்கு அதிகமாகவே தெரியும். திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தாள். பஸ் போயிருந்தது. வீட்டில் பத்தாவது படிக்கிற மகள், அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள் என்று சாதத்தை மூடிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பாள். இன்னொரு ராத்திரி இந்தத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தால் காலையில் அந்தப் பெண்தான் அவளைப் பார்க்க நேரிடும்.

டைலரக்கா ஜன்னலோரக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

மெத்தை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அவளை விட நெட்டையான, ஒல்லியான ஓர் ஆளின் பள்ளம். மூன்று மாதம் யாரும் படுக்காத மெத்தை ஏன் இன்னும் நிமிரவில்லை என்று நினைத்தாள். பிளீச்சிங் பவுடர் வாடைக்கு அடியில் துருப்பிடித்த இரும்பை ஈரத்துணியில் சுற்றிவைத்தது போன்ற ஒரு வாடை மெல்ல வந்தது. இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறின. ஒன்று ரத்தத்தை எடுக்க, ஒன்று திருப்பிக் கொடுக்க. வலது கை கம்பளிச் சட்டைக்குள் இருந்தது. ரத்தம் வெளியே போனால் குளிரெடுக்கும், அதனால் வெயில் காலத்திலும் அந்தக் கம்பளிச் சட்டை அவளோடு வரும். பம்ப் சுற்றத் தொடங்கியது. குழாய் சிவந்தது. இனி நாலு மணி நேரத்துக்கு அவள் எழுந்திருக்க முடியாது.

இந்த மிஷின்களில் ஒரு விஷயம் உண்டு. கரண்ட் போனால் உள்ளிருக்கும் பாட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் போய்விட்டால் பம்ப் நின்றுவிடும். ஒரு பெரிய டம்ளர் ரத்தம் குழாயிலேயே நிற்கும். நின்ற ரத்தம் உறைந்துபோகும். அதற்குள் யாராவது ஓர் இரும்புக் கைப்பிடியைப் பம்பில் மாட்டிக் கையாலேயே சுற்றி, ரத்தத்தை ஆளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். தெம்பான ஆளுக்கு ஒரு டம்ளர் பெரிதல்ல. இங்கே வருகிறவர்களுக்கு இருப்பதே அரைகுறை ரத்தம்.

மிஷினுக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடிகள் வந்திருந்தன. முதல் மழைக்காலத்திலேயே ஜன்னல் கொக்கி உடைந்து, சாரல் நேராகக் கட்டில் மேல் அடித்தது. மூன்று கடிதம் எழுதியும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. டெக்னீஷியன் யோசித்து, ஜன்னல் மிஷினின் கைப்பிடியைக் கொக்கிக்குப் பதிலாகச் செருகி ஜன்னலைச் சாத்திவிட்டான். கன கச்சிதமாகப் பொருந்தியது. பார்த்தவர்கள் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். நீ எங்கேயோ இருக்க வேண்டியவன் தம்பி என்று டைலரக்காவே சொல்லியிருக்கிறாள்.

அப்போதெல்லாம் அவள் கதவோரக் கட்டிலில், கடிகாரக்காரர் ஜன்னலோரக் கட்டிலில். அவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். படுத்த இடத்திலிருந்தே மணியைச் சரியாகச் சொல்வார். கால் மணிக்கு ஒருமுறை தானாகவே ஆறுதல் சொல்வார், இன்னும் இரண்டே முக்கால்தான் டைலரம்மா, இன்னும் இரண்டரைதான் என்று. முதலில் அது எரிச்சலாக இருந்தது. பிறகு அது இல்லாமல் நாலு மணி நேரம் நகராது என்றாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் இடி இடித்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. பாட்டரிகளும் போயின. டெக்னீஷியன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கையில் இருந்த கைப்பிடியோடு முதலில் டைலரக்காவிடம் வந்தான். கதவுப் பக்கத்து மிஷின்தான் கிட்டே இருந்தது, அவ்வளவுதான் காரணம். சுற்றினான். குழாயில் சிவப்பு நகர்ந்தது, பிறகு ரோஜா நிறமானது.

ஜன்னல் பக்கத்திலிருந்து கடிகாரக்காரரின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

“எனக்கும் யாராவது சுத்துங்க.”

டெக்னீஷியன் டார்ச்சைக் கையில் எடுத்து, ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். டைலரக்கா வலது கையால் அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விட்டுட்டுப் போயிடாதீங்க தம்பி, விட்டுட்டுப் போயிடாதீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போது அவள் குழாயைப் பார்த்தாள். குழாய் வெளுத்துவிட்டிருந்தது. அவளுடைய ரத்தம் முழுவதும் அவளுக்குள் வந்து சேர்ந்தாகிவிட்டது.

பார்த்துவிட்டும் அவள் கையை விடவில்லை.

கரண்ட் வந்தபோது கடிகாரக்காரர் தலைக்கு மேலே எட்டி ஜன்னல் கைப்பிடியைப் பிடித்த நிலையிலேயே கிடந்தார். தானே எடுத்து மாட்டிச் சுற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். எட்டியதில் மறு கையின் ஊசி உருவிக்கொண்டு வந்துவிட்டது. போர்வைக்குள் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தரையில் சொட்டுகிற சத்தத்தை எல்லோரும் மழை என்று நினைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் ஜன்னலில் இருந்த கைப்பிடியைப் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். போனது போனதுதான், திரும்பி வரவில்லை. ஜன்னலை இப்போது காயத்துக்குக் கட்டுகிற துணியால் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு மிஷினுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைப்பிடி கதவோரம் ஆணியில் தொங்கியது. டைலரக்கா கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தாள். பத்தடி தூரம் இருக்கும்.

இடது கை அசையக் கூடாது. அவளுக்கு அது பத்து மைல்.

நாள் கெட்ட நாளாக இல்லை. அரை மணியில் மூச்சு லேசாகிக் கண் செருகியது. புதுப்பெண்ணும் புருஷனும் குசுகுசுவென்று ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது. சின்னஞ்சிறுசுகள், சிரிக்கட்டும் என்று நினைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் துணிக்கட்டுக்குள் முன்னும் பின்னும் அசைந்தது.

“இன்னும் மூணே கால்தான்.”

ஆறுதலாகத்தான் இருந்தது. உம் என்றாள். சொன்ன பிறகுதான் கண் திறந்தது.

டெக்னீஷியன் அறையின் அந்தக் கோடியில் புட்டிகளை அலசிக்கொண்டிருந்தான். புதுப்பெண் தூங்கிவிட்டாள். புருஷன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி, இப்போ மணி சொன்னியா?”

இல்லையே என்றான். கையில் இருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்க்காமல் மிஷினை மட்டும் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு அவள் தூங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

“இன்னும் மூணுதான்.”

“இன்னும் ரெண்டே முக்கால்தான்.”

ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் கிட்டே வந்தது. கடைசியில் அது தலையணையிலிருந்து வந்தது, ஒரே தலையணையில் இரண்டு தலை கிடப்பதுபோல. அந்த ஈர இரும்பின் வாடை அவள் மூச்சோடு உள்ளே போனது. எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. எதை எடுத்துக்கொண்டு ஓடுவது? அவள் ரத்தமே குழாயில் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது.

புதுப்பெண்ணின் புருஷன் ஜெனரேட்டர் அறைக்கு ஓடினான். டீசல் இல்லை என்று அங்கிருந்து கத்தினான். கேனை எடுத்துக்கொண்டு அவனுடைய பைக் மழையில் சீறிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கடைத்தெருவுக்குப் போய் வர இருபது நிமிஷம். பாட்டரிகள் பீப் பீப் என்று கூவத் தொடங்கின. கிடங்குக் கட்டடம் ஆதலால் ஜன்னல் அந்த ஒன்றுதான், அதிலும் மழை இருட்டு. முதலில் அவளுடைய மிஷின் அணைந்தது. பம்ப் பாதிச் சுற்றில் நின்றது.

டெக்னீஷியன் இந்த முறையும் முதலில் அவளிடம்தான் வந்தான். டார்ச் வெளிச்சத்தில் உப்புநீர்ப் பையைக் குழாயில் இணைத்து, அடைப்புகளைத் திறந்துவைத்து, சுற்றவேண்டியது மட்டும்தான் பாக்கி என்கிற அளவுக்குத் தயார் செய்தான். கைப்பிடியை எடுக்க அவன் கதவோரம் போன அதே நேரம் புதுப்பெண்ணின் மிஷினும் அணைந்தது, அவள் வாந்தியெடுத்தாள். அவள் பிரஷர் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு கணம் நின்றான்.

“அக்கா, அஞ்சே நிமிஷம். ஆடாம இருங்க. கையெடுத்துக் கும்பிடறேன், எட்டி எதையும் எடுக்காதீங்க.”

அவன் புதுப்பெண்ணின் மிஷினில் கைப்பிடியை மாட்டிச் சுற்றத் தொடங்கினான். டார்ச் அவன் வாயில் இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று டைலரக்கா இதுவரை பார்த்ததில்லை. ஒரு சின்ன வெளிச்ச வட்டம். அதற்குள் ஒருவனுடைய முதுகு. அந்த முதுகுக்கு அப்பால் ஒரு பெண்ணின் கை மேலே வந்து அவன் சட்டைக் கையைப் பற்றிக்கொள்கிறது.

“அண்ணா, போயிடாதீங்க. பயமா இருக்கு.”

ஐந்து நிமிஷம் போனது. மேலும் போனது. அவளுடைய குழாயில் நின்ற ரத்தம் கறுத்துக்கொண்டு வந்தது. தன் ரத்தம் தன் கண்ணெதிரே சாவதைப் படுத்தபடி பார்ப்பதைப் போலக் கொடுமை உலகத்தில் இல்லை.

“எனக்கும் யாராவது சுத்துங்க” என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. சத்தமாகக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டிலில் படுத்தால் குரல் அவ்வளவுதான் எழும் போலிருந்தது.

கைப்பிடி கிடைத்தால் தானே சுற்றிக்கொள்ளலாம். பதினைந்து வயதிலிருந்து கைத்தையல் மிஷின் சுற்றிய கை அது. தலைக்கு மேலே, ஜன்னல் பக்கம், ஏதோ இரும்பு மின்னியதுபோல் இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் துணிக்கட்டுதான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலது கை மேலே போனது. உடம்பு திரும்பியது. இடது கையில் ஒட்டுப்பட்டை பிசுக்கென்று பிரிகிற சத்தம் கேட்டது.

அப்போது அவள் இடது கையை ஒரு கை பிடித்து அமுக்கியது.

நீளமான, மெலிந்த விரல்கள். சின்னச் சின்னத் திருகாணிகளைத் தொட்டுப் பழகிய விரல்கள்.

சில்லென்று இருந்தன.

பிரிந்த பட்டையை அவை பதமாக ஒட்டிவிட்டன.

அவள் மூச்சு விடவில்லை.

பம்ப் அசைந்தது.

கைப்பிடி மாட்டாத பம்ப் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. இன்னொரு சுற்று. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவரின் கைபோல அவசரமில்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. கறுத்திருந்த ரத்தம் நகர்ந்தது. வெதுவெதுப்பாக அவள் கைக்குள் ஏறியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. மன்னித்துவிட்டார், மன்னித்துவிட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

குழாய் ரோஜா நிறமானது. பிறகு வெளுத்தது.

பம்ப் நிற்கவில்லை.

தலையணையில், அவள் காதோடு காதாக, குரல் கேட்டது.

“எனக்கும் யாராவது சுத்துங்க.”

உப்புநீர்ப் பை சுருங்கிக்கொண்டே வந்தது. அது காலியானால் அடுத்துக் குழாயில் வருவது காற்று. காற்று ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று இங்கே படுக்கிற எல்லோருக்கும் தெரியும்.

“எனக்கும்.”

ஒரு சுற்று.

“எனக்கும்.”

“சுத்தறேன்” என்றாள் டைலரக்கா. “சத்தியமா சுத்தறேன் அண்ணே. உங்களுக்கு நான் சுத்தறேன்.”

பம்ப் நின்றது.

டெக்னீஷியன் ஓடி வந்தபோது பையில் இரண்டு விரற்கடை உப்புநீர் மிச்சம் இருந்தது. டார்ச்சை அவள் குழாய் மேல் அடித்தான். பம்ப் மேல் அடித்தான். தன் கையில் இருந்த ஒரே கைப்பிடியைப் பார்த்தான். அடைப்புகளை மூடிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இனிமேலும் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. அன்றைக்கு நான்தான் உன்னைப் பிடித்து நிறுத்தினேன், குழாய் வெளுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டாள். அவன் கைப்பிடியைத் தரையில் வைத்தான்.

“டார்ச் என் கையிலதானேக்கா இருந்துச்சு. நானும் பாத்தேன்.” பிறகு, “உதறியிருந்தா உங்க கை வந்திருக்கும். நீங்க என்ன பயில்வானா? அவர்கிட்ட போக எனக்குப் பயமா இருந்துச்சு. நீங்க பிடிச்சிருந்தது சௌகரியமாப் போச்சு” என்றான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பைக் திரும்பி வந்தது, ஜெனரேட்டர் ஓடியது. புதுப்பெண் இறங்கிப் போனதும் மிச்ச நேரத்தைக் கதவோரக் கட்டிலில் முடித்துக்கொண்டு டைலரக்கா கடைசி பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தபோது மழை இல்லை. பளிச்சென்று வெயில். டெக்னீஷியன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே கையைக் காட்டினான்.

ஜன்னல் துணிக்கட்டு அவிழ்ந்து தரையில் கிடந்தது. ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. கொக்கி இருந்த இடத்தில், கன கச்சிதமாக, பழைய கைப்பிடி செருகியிருந்தது.

கைப்பிடியைக் கொண்டுபோன விசாரணை ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டதாக அவன் மெதுவாகச் சொன்னான். கைப்பிடி பீரோவில் பூட்டிப் பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்களாம். போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று இவன் கேட்டிருக்கிறான். போனவர்கள் இன்னும் திருப்பிக் கூப்பிடவில்லை.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கதவோரக் கட்டிலைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, டைலரக்கா ஜன்னலருகே போய்க் கைப்பிடியை உருவினாள். ஈரமாக இருந்தது. யாரும் படுக்காத கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெறும் பம்பில் அதை மாட்டிச் சுற்றினாள். குழாய் இல்லை, ரத்தம் இல்லை, ஆள் இல்லை. தையல் மிஷினைச் சுற்றுகிற அதே நிதானத்தில் சுற்றினாள். மன்னிச்சுக்குங்க அண்ணே, மன்னிச்சுக்குங்க அண்ணே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சுற்றினாள். மெத்தையில் இருந்த பள்ளம் லேசாக நிமிர்ந்ததுபோல் தோன்றியது. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. நூறு சுற்று ஆனதும் போதும் என்று கைப்பிடியை எடுத்து வைத்துவிட்டு எழப்போனாள்.

எழ முடியவில்லை.

கம்பளிச் சட்டையின் வலது கை, கட்டிலை நோக்கி இழுபட்டு நின்றது. கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தாள். கம்பி அந்தப் பக்கம். துணி வெறும் காற்றில் முறுக்கிக்கொண்டு நின்றது. நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்த மடிப்பு அதில் தெரிந்தது.

“விட்டுட்டுப் போயிடாதீங்க.”

அவள் சொன்ன அதே சொற்கள். அவள் கெஞ்சிய அதே கெஞ்சல்.

டெக்னீஷியன் ஊசித் தட்டோடு வந்தவன், இழுபட்டு நிற்கும் சட்டைக் கையைப் பார்த்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோர மேஜையில் வைத்தான்.

“இங்கேயே போட்டுடவாக்கா?”

அவள் தலையசைத்தாள். நாலு மணி நேரமும் கரண்ட் போகவில்லை, மிஷின் பிசகவில்லை. இடது கை மிஷினுக்கு, வலது கை அவருக்கு என்று கிடந்தாள். கால் மணிக்கு ஒருமுறை நேரம் சொல்லப்பட்டது. ஊசிகளை உருவிக் கட்டுப்போட்டு, வெளியே கடைசி பஸ் ஹாரன் அடித்த பிறகும் சட்டைக் கை இறங்கவில்லை. இடது கையாலேயே பொத்தான்களைக் கழற்றினாள். கம்பளிச் சட்டையிலிருந்து மெல்ல நழுவினாள். அதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. நகர்ந்ததும் வெயில் கலந்த காற்று முகத்தில் அடித்தது. டைலரக்கா வாய்விட்டு அழுதாள். இனி அந்தக் கட்டடத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம். ஆறு மணி நேரப் பயணம், அங்கே இடத்துக்குப் பெயர் கொடுத்தால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். எட்டு மாதம் வேண்டாம், எட்டு நாள் அவள் உடம்பு தாங்குமா? யோசிக்க யோசிக்க அழுகை நின்றுவிட்டது. பேய் இருக்கிற வீடு என்றால் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விடலாம். இவள் வாரத்துக்கு இரண்டு முறை தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தாக வேண்டும்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வெறும் கை குளிர்ந்தது. ஈர இரும்பின் வாடை மெல்ல வந்தது.

“வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணே நாள்தான், டைலரம்மா.”